இரண்டாம் நிலைக்கு ஆசிரியர் இல்லை

பிஸ்கட்டவே,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை எழிலரசிக்கு,

கேட்டி நகரில் தம்பி வீட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு வாரம் என்று போனவள், இப்போது ஆபீஸ் வேலையையும் அங்கிருந்தே பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இதையாவது முழுதாகப் படி.

இனி வகுப்பெடுக்க மாட்டேன் என்று நீ வருகைப் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போன பிறகு, நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் நிலை வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் பதினைந்தாகிவிட்டார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் ஆசிரியர் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடுவதென்று குழு முடிவு செய்துவிட்டது. முதல்வர் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை ஆள் இல்லாமல் சபரிநாதனையே வகுப்பில் உட்காரச் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால், "என் பையனுக்கு ப்ராப்ளம்னு சொல்ல உங்களுக்கு என்ன ட்ரெய்னிங் இருக்கு?" என்று உன்னைக் கேட்டாரே, அவரேதான். அவர் மகன் ஆர்யன் எழுத்துகளை அடையாளம் காணவே சிரமப்படுகிறான் என்று நீ அவரிடம் தனியாகத்தானே சொல்லியிருந்தாய்.

அரை மணி நேரத்தில் வேர்த்துப்போய் வெளியே வந்தார். உள்ளே இரண்டு பேர் சண்டை, ஒருத்தி அழுகை. "இருபத்தாறு பேரை அவங்க தனியாவா மேனேஜ் பண்ணாங்க?" என்றார். ஆமாம் என்றேன். உதவிக்கு ஆள் கேட்டு நீ மூன்று முறை எழுதியதையும், நான் தள்ளிப்போட்டதையும் சொன்னேன்.

ஞாயிறன்று பெற்றோரைக் கூட்டி, அதையே எல்லார் முன்னாலும் சொன்னேன். இங்குள்ள அமெரிக்கப் பொதுப்பள்ளியில் வாசிப்பு ஆசிரியையாக இருக்கும் விஷாகா எழுந்தாள். "அப்ப அன்னிக்கு அவர் கூட்டத்துல கேட்டப்போ ஏங்க்கா பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன் என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷாகாதான் மறுபடி பேசினாள். யார் ஆசிரியராக வந்தாலும் மாதம் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து பாடங்களைத் திட்டமிட்டுத் தருகிறேன் என்றாள். வாரத்துக்கு இரண்டு பெற்றோர் வகுப்பில் உதவிக்கு இருப்பது என்று முடிவாயிற்று. பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் சபரிநாதன். ஆர்யனைப் பரிசோதிக்கச் சொல்லி அவனுடைய பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். உன்னிடம் பேச வேண்டும் என்று நம்பர் கேட்டார். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்றேன்.

இதெல்லாம் நீ கேட்டபோதே செய்திருக்க வேண்டியது. இப்போது வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வேறு யாரிடமும் இன்னும் கேட்கவில்லை.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு வரி அனுப்பு. இல்லை என்றாலும், பழையபடி 'அக்கா' என்று தொடங்கி எழுது.

உன்,
வான்மதி