கீழ்வகுப்பில் போய் உட்கார்

புதன்கிழமை

அன்புள்ள ஹாஜருக்கு, சலாம் சொல்லி இஸ்மர் எழுதிக்கொள்வது.

நானும் நம் பிள்ளை ரஹியாவும் சுகம். பசு மட்டும் இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. ஷிஷர் சரக்கெடுக்கச் சனிக்கிழமை உன் பக்கம் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தால் எட்டு நாளில் சேர்ந்துவிடும். பிழை இருந்தால், பள்ளிக்கூட ஞாபகத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பாதே.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். நேர்காணலில் நீ நாட்டுத் தலைவரை 'மகாராஜா' என்றும் விமானத்தைக் 'காற்றுக் கப்பல்' என்றும் சொல்ல, பேராசிரியர்கள் மூன்று பேரும் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா இப்படித்தாம்மா பேசியிருப்பாரு, இன்னும் ஏதாச்சும் பேசுங்க" என்றார்களாமே! நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் சீனாவிலிருந்து பனிமலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். அன்றைக்கு வாயில் வைத்திருந்த பேச்சை அப்படியே வைத்திருக்கிறோம். எழுத்தை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டோம். இங்கே நாம் எழுதுவது ரஷ்ய எழுத்து.

இரண்டாம் தரம் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சை மட்டும் கேட்டு உன்னை மேல்வகுப்பில் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே உள்ள பாடங்களை எழுதியிருந்தாய். மேல்வகுப்புக்குப் பழைய கவிதை, செய்தித்தாள் வாசிப்பு, ராஜாக்கள் வரலாறு. கீழ்வகுப்புக்கு எழுத்துக்குக் கோடு போடப் பழகுவது, முதல் நூறு எழுத்து, கடையில் விலை கேட்பது. மேல்வகுப்பு என்றால் ஒரே வருஷம், வரும் ஜூனில் நீ வீட்டில் இருப்பாய். கீழ்வகுப்பு என்றால் மூன்று வருஷம், நடுவில் வரவும் முடியாது. மாற்றிக்கொள்ள இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். அங்குள்ள எழுத்தில் ஒன்றுகூட உனக்குத் தெரியாது.

வாசிக்கச் சொன்னால், "கண்ணாடிய ரூம்ல வச்சிட்டேன்" என்கிறாயாம். உனக்கு ஏதடி கண்ணாடி? போன வாரம் அந்த டீச்சரம்மா பாவம், தன் கண்ணாடியைக் கழற்றி நீட்ட, தலை சுற்றுகிறது என்று வெளியே ஓடினாயாமே. "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்று முடித்திருக்கிறாய்.

சொல்கிறேன். மாற்றாதே. பக்கத்துக் கட்டில் கொரியாப் பெண் பாடத்தை உரக்கப் படிக்கட்டும், நீ காதால் பிடித்துக்கொள். ஒரு தரம் கேட்டால் மறக்காதவள் நீ. பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு முப்பத்தொரு வயசு வாத்தியாரம்மா போய்க் கோடு போடுவதா? லோலோ சும்மா இருப்பானா? இப்போதே சந்தையில் என்னைப் பார்த்தால், "என்ன மாப்ள, பொண்டாட்டிய மகாராஜா ஊருக்கு அனுப்பிட்டு நீயே நூடுல்ஸ் இழுக்கிறியாமே, நூல் மாதிரி வருதா, கயிறு மாதிரி வருதா?" என்கிறான். கயிறு மாதிரிதான் வருகிறது. ரஹியா சாப்பிடுகிறாள், பாவம்.

என் பட்டாளத்துக் கதையை நினைத்துக்கொள். மலை எல்லையில் காவல். நம் இனத்தான் என்று தெரிந்ததும் கேப்டன் என்னைச் சீன மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார். பனி முடிகிற நேரம், அந்தப் பக்கத்துக் குதிரை ஒன்று ஆளில்லாமல் வந்தது. சேணத்தில் ஒரு காகிதம். "படிடா இஸ்மர்" என்றார். "குதிரை வழி தப்பி வந்துடுச்சாம், திருப்பி அனுப்பச் சொல்றாங்க" என்றேன். அனுப்பினோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள். எனக்குப் பத்து நாள் விடுப்பு. அந்தப் பத்து நாளில்தானே உன் அண்ணன் எனக்குச் சிநேகிதம் ஆனான்! தைரியமாகப் பேசினால் காரியம் நடக்கும், ஹாஜர்.

வாய்க்காலில் இன்றைக்கு என் முறை. பூண்டு நடுகிற நிலத்துக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை

ஹாஜர், மேலே எழுதியதைக் கேட்காதே. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அதுவும் உன் புருஷன் எழுதியதுதான், படித்துக்கொள்.

நேற்று மத்தியானம் லோலோ மகள் கல்யாணம். பெண்ணுக்கு உங்கள் அம்மா மாதிரி பழைய பட்டுச் சட்டை, தலை நிறையப் பூ வைத்த கொண்டை ஊசி. ஆட்டிறைச்சியில் வினிகர் கொஞ்சம் கூடிவிட்டது, மற்றபடி குறையில்லை. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல, "இஸ்மரு, அந்தக் குதிரைக் கதைய எடுத்து விடு" என்றார்கள். கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், அந்தப் பக்கத்தில் இருபது வருஷம் வியாபாரம் செய்தவர், தட்டவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காகிதம் இருக்கா தம்பி? கொண்டாங்க, நானும் படிச்சுப் பாக்கறேன், எனக்கு எழுத்து தெரியும்" என்றார்.

"தொலைஞ்சு போச்சுங்க" என்றேன்.

தொலையவில்லை. பதினாறு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது, நம் கல்யாணத்துக்குப் பிறகு உன் தையல் மிஷின் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில். நிலப் பத்திரம் என்று நினைத்து நீயும் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கல்யாண வீட்டில் அதற்குமேல் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து பசுவைப் பார்த்தேன், வாய்க்காலைப் பார்த்தேன், மறுபடி பசுவைப் பார்த்தேன். ரஹியா, "என்னப்பா தொலைச்சீங்க?" என்று பின்னாலேயே வருகிறாள்.

ஹாஜர், அந்தக் காகிதத்தை நான் படிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் அந்த எழுத்து? உன்னைப் போலத்தான், வாயில் பேச்சு இருந்தது, அவ்வளவுதான். கேப்டன் முகத்தைப் பார்த்தேன், குதிரையைப் பார்த்தேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. காகிதத்தைப் பதிவேட்டில் ஏற்றினால் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று, அவர் "நீயே வச்சுக்கடா" என்று என் பையில் திணித்துவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. இந்த மீதியை நான் எந்தக் கல்யாணத்திலும் சொன்னதில்லை. மூன்று வாரம் கழித்துப் பனி உருகியது. நம் பக்கத்து ஓடையில் முதலில் ஒரு பூட்ஸ் தெரிந்தது, பிறகு ஆள். கிழவர். இடுப்பில் குதிரைச் சவுக்கு. அந்தக் குதிரைக்காரர்தான். நம் பக்கம் வழி தப்பி வந்துவிட்டார், தேடுங்கள் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தார்களா? இல்லை, ஏதோ கம்பளிக் கணக்குத்தானா? எனக்குத் தெரியாது. தேடியிருந்தால் உயிரோடு கிடைத்திருப்பாரா, அதுவும் தெரியாது. கேப்டன் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் யார் சொல்லச் சொன்னாலும் அந்தக் கதையை அவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன் போலிருக்கிறது.

நீ அந்த நாற்காலியில் ஒரு வருஷம் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்துவிட்டு, சான்றிதழோடு வருவாய். நம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இது என்ன எழுத்து?" என்று நிற்பார்கள். அப்போது நீ என்னைப் போல எதையாவது சொல்வாய். அது வேண்டாம்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே ஆபீசுக்குப் போ. "பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது, கீழ்வகுப்புல போடுங்க" என்று சொல். அந்த டீச்சரம்மாவிடம் கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிப்பார். லோலோவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கும் அந்த மாமாவுக்கும் நாளைக்கு மிச்சக் கதையைச் சொல்லப் போகிறேன்.

காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு வரி. மூன்றாம் வரியில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. கொரியாப் பெண்ணிடம் காட்டாதே. டீச்சரம்மாவிடமும் காட்டாதே. நீயே படி. முதலில் ஓர் எழுத்துதான் புரிந்தது என்றால் அந்த ஒன்றை எழுதி அனுப்பு. எத்தனை நாள் ஆனாலும் சரி. அதில் என்ன இருந்தாலும் உன் கையால் எழுதி வந்தால் என்னால் தாங்க முடியும்.

பூண்டு அடுத்த வருஷமும் விளையும், அதற்கடுத்த வருஷமும் விளையும். நூடுல்ஸும் அதற்குள் மெலிந்துவிடும். அல்லாஹ் உன் கண்ணுக்குப் பலம் கொடுக்கட்டும்.

ரஹியாவுக்கு நீ தைத்த கோட்டின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. ஷிஷர் திரும்பும்போது புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பு. அளவு கேட்காதே. மூன்று குளிருக்கு வரட்டும், பெரியதாகவே வாங்கு.

உன்,
இஸ்மர்