அண்ணன் கையில் என் ரம்பம்

ஆடி மாதம், ஞாயிறு இரவு

மிஷின் ரம்பத்தை இன்று அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சொத்துப் பிரித்த பிறகு அவன் என் வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மதினியும் கூட வந்தாள். செவ்வாய்க்கிழமை குலசாமி கோயில் கொடைத் திருவிழா. பொங்கல் வைக்கிற விறகைப் பங்காளிகள் தங்கள் கையாலேயே வெட்ட வேண்டும். இந்த வருடம் அவன் முறை.

“ஏலே, தோள்பட்ட வலி. கோடாலியத் தூக்க முடியல. ஒன் மிஷினத் தாயேன்.”

உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து, நீளமான பிளேடு மாட்டி, சைலன்ஸரைத் திறந்துவிட்டு, வேகத்தையும் கூட்டி வைத்திருக்கிறேன். பருத்த உடைமரத்தைக்கூடக் காபி ஆறுவதற்குள் துண்டு போடும். அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறவரை எனக்கு யார் மேலும் கோபம் இருப்பதில்லை.

ஆனால் பிளேடின் நுனி மரத்தில் பட்டால் மிஷின் பிடித்திருப்பவன் முகத்தைப் பார்த்துத் துள்ளும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“வெறகு வெட்ட எனக்கே பாடம் எடுக்கியா? காலேஜுல அதயுமா படிச்ச?” என்று சிரித்தான். மதினியும் சிரித்தாள். என்னைப் படிக்க வைத்ததைச் சொல்லியே இன்னும் எத்தனை வருடம் குத்துவான்? அதைச் சொல்லாமலே மிஷினை அவன் கையில் கொடுத்தேன். பட்டால்தான் தெரியும் என்றுகூட நினைத்தேன்.

விடிந்ததும் ஆரம்பித்துவிடுவான். இப்போது போய்ச் சொன்னால், கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கதை கட்டுகிறேன் என்பான். மறுபடியும் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அவன் வீட்டு விளக்கு இன்னும் அணையவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போகிறேன்.