தலையில் கோத்திருந்த நீர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் அண்ணனும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிருக்குப் பழகி, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. கையெழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பயப்படாதே, இதற்கு முன் எழுதிக் கிழித்ததையெல்லாம் பார்த்தால் இது முத்து முத்தானது. அம்மா எழுதித் தருகிறேன் என்றாள், நான்தான் விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அவள் போனில் சொல்லியிருப்பாள். முதலில் பார்த்த டாக்டர் என்னிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார், நான் திருதிருவென்று முழித்தேன், "வயசாச்சுல்ல, மறதி நோய்தான், இனிமே இப்படித்தாம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றதையும், கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடுப்பு நனைந்ததையும் அந்த ஒரு சொல்லிலேயே எல்லோரும் போட்டு மூடிவிட்டோம். அச்சகத்தில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியவனுக்குத் தன் தலைக்குள் இருந்த பிழை தெரியவில்லை பார். பிறகு வாசற்படியில் விழுந்து கை பிசகி, கட்டுப் போடப் போன இடத்தில்தான், அங்கிருந்த டாக்டரம்மா நான் நடந்து வந்ததையே உற்றுப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தலையில ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை என்றதும் நரம்பு டாக்டரிடம் அனுப்பி வைத்தார்.

ஸ்கேன் அறையில் நடந்தது பாதி எனக்கு நினைவிருக்கிறது, மீதி அம்மா சொன்னது. குகை மாதிரி ஒன்றுக்குள் படுக்க வைத்து, தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஒரே சத்தம். படம் வந்ததும் நரம்பு டாக்டர் அதைத் திரையில் காட்டி அம்மாவுக்கு விளக்கினாராம். எல்லார் மூளைக்குள்ளும் நீர் நிறைந்த சின்ன அறைகள் உண்டாம், எனக்கு அவை உப்பிப் போயிருந்தன. மறதி நோயிலும் அப்படித் தெரியும், ஆனால் அதில் மூளையே சுருங்கி மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழும், நினைவுக்கான பகுதி தேய்ந்திருக்கும். எனக்கோ உச்சியில் மடிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, நினைவுப் பகுதியும் பெரிதாகத் தேயவில்லை. அதனால் நீர் வடியாமல் கோத்து மூளையை அழுத்துகிறதோ என்று சந்தேகப்பட்டார். படத்தை மட்டும் நம்பாமல் முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் அந்த நீர் வடிவதற்குத் தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் குழாய் வைத்தார்கள்.

இப்போது தெருமுனை வரை தனியாகப் போய்வருகிறேன். அண்ணன் வாசல் கதவில் போட்டிருந்த பூட்டை எடுத்துவிட்டான், அம்மாதான் நான் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறாள். ஆனால் எல்லாம் திரும்பவில்லை குட்டிம்மா. உன் கல்யாணம் எனக்கு நினைவில்லை. ஆல்பத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கிறேன், யாரோ ஒரு ஆள் வழிதவறி வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. இதெல்லாம் திரும்ப வருமா என்று நரம்பு டாக்டரிடம் கேட்டேன். "வந்த வரைக்கும் லாபம்னு வச்சுக்குங்க. முன்னாடியே படம் எடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்" என்றார். அந்த 'முன்னாடியே' மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று நான் என்ன சொன்னேன் என்று நேற்று அம்மாவைத் துளைத்தெடுத்தேன். மழுப்பிப் பார்த்தாள், கடைசியில் சொல்லிவிட்டாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டேனாம். நீ கண் கலங்காமல், "பக்கத்து வீடுதாங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாயாம். அதற்கு நான், "உங்கப்பா கொடுத்து வச்சவரு" என்றேனாம். எப்படித் தாங்கினாயோ, அப்புறம் தனியாகப் போய் அழுதாயோ, எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கு நல்ல நினைவோடு, யாரிடம் சொல்கிறேன் என்று தெரிந்தே சொல்கிறேன். உங்கப்பா கொடுத்து வைத்தவர்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன் செய்து நான் எடுத்தால், உடனே "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லாதே. அப்படியே பழகிப் போயிருக்கும், தெரியும். வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொண்டு என்னிடம் பேசு.

ஆசியுடன்,
உன் அப்பா