தண்ணீரில் இறக்கிய டிராகனின் உடம்பை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்:
டிராகனின் வால் வேலை பார்ப்பவர்,
பொழுதுபோக்குப் பூங்கா, நீர்க்காட்சிப் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: பூங்காவின் டிராகன் உடையைத் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றும்வரை ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதனால் எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. மேற்படி பூங்காவில் டிராகன் ஒன்று, உள்ளே ஆள் இரண்டு. தலையும் கழுத்தும் என் தங்கையின் கணவர். இடுப்புக்குக் கீழே நான். வீட்டில் என்னை மரியாதையாக மச்சான் என்பவர், உடைக்குள் போய்விட்டால் "யோவ் வாலு, மிதிக்காதய்யா" என்பார். சென்ற மாதம் காட்சியின்போது அவர் இறந்துவிட்டார்.

2. எங்கள் டிராகன் மேடையில் ஆடப் பிறந்தது. கூட்டம் குறைந்ததும் மேலாளர் அதை அப்படியே குளத்தில் இறக்கிவிட்டார். ஒரு பித்தான்கூட மாற்றவில்லை. தண்ணீரில் வாழ வேண்டிய பிராணிக்கு உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று முதலையிடமும் வாத்திடமும் தவளையிடமும் கேட்டால் சொல்லும். முதலைக்கு மூக்கு முகத்தின் மேலே இருக்கிறது, உடம்பு முழுகினாலும் மூச்சு வெளியே நிற்கும். எங்கள் டிராகனுக்கு மூக்கு நுனியில், தரையைப் பார்த்து இருக்கிறது. வால் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் துடுப்பு மாதிரி தள்ளும். எங்களுடையது உலக்கை. காலில் வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு வேண்டிய இடத்தில் நகம் வைத்திருக்கிறார்கள், அது குளத்தடிக் கம்பிவலையில் மாட்டுகிறது. வயிற்றில் காற்றுப்பை இருந்தால் மிதக்கும். இதில் பஞ்சு இருக்கிறது, நான் குடிக்கும் டீயைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இறக்கை. துணியும் பஞ்சுமாக, காய்ந்திருந்தால் அழகு. ஊறினால் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியை முதுகில் ஏற்றியது போல.

3. இறக்கையை எடுத்துவிடும்படி மேலாளரிடம் கேட்டோம். "இறக்கை இல்லேன்னா அது பல்லிய்யா. பல்லியப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்றார். பிறகு தங்கள் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தோம். அதில் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார். டிராகன் கற்பனை விலங்கு என்பதால் அதன் உடலமைப்பு குறித்து விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. விலங்கு கற்பனைதான் ஐயா. உள்ளே இருந்தவர் அப்படி இல்லை. கற்பனை விலங்காக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. மூக்கை மேலே ஏற்றினாலும் இறக்கையை அறுத்தாலும் அதன் சொந்தக்காரர்கள் யாரும் வந்து சண்டை போடமாட்டார்கள்.

4. நடந்தது இதுதான். உள்ளே ஆபத்து என்றால் நான் வாலைத் தண்ணீரில் ஓங்கி அடிப்பேன், கரையில் கயிறு பிடித்திருப்பவர் இழுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் வைத்திருந்த சைகை. ஒருநாள் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது, அடித்தேன். முன்வரிசைக் குழந்தைகள் நனைந்து, கத்திச் சிரித்து, இன்னொரு தடவை கேட்டார்கள். மேலாளர் அதையும் காட்சியில் சேர்த்துவிட்டார். கைதட்டல் கிடைத்ததில் எனக்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. வேறு சைகை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் மாப்பிள்ளையும் பேசினோம். பேசிக்கொண்டே இருந்தோம்.

அன்று, தலையைக் குனிந்து தண்ணீர் பீய்ச்சும் இடத்தில், ஊறிய இறக்கை முன்னால் சரிந்தது. தலை எழவில்லை. அவர் உதறுவது எனக்குத் தெரிந்தது. வாலை அடித்தேன். கை தட்டினார்கள். இன்னும் ஓங்கி அடித்தேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கயிற்றுக்காரரும் சிரித்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். தலைப்பக்கத்து ஜிப் முதுகில் இருக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்கும். நான் வால்வழியாக வெளியே வந்து, சுற்றிப் போய்த் திறந்தேன். என்னைத் திட்டாமல் அந்தத் தலைக்குள் அவர் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

5. இப்போது அந்த வேலையைக் கருணை அடிப்படையில் என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் காட்சி. நேற்று தையல்காரர் வந்து அவள் உயரத்துக்குக் கழுத்தைச் சுருக்கினார். இறக்கைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜிப்பும் அப்படியே. தலைக்கு நானே போகிறேன் என்று சொல்லிப் போட்டும் பார்த்தேன். தோள் நுழையவில்லை. "அண்ணா, நீ தலையில போனா டிராகனுக்குக் கழுத்தே இருக்காது. ஆமைன்னு சொல்லித்தான் டிக்கெட் விக்கணும்" என்றாள். அவர் போனபிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி.

ஆகவே ஐயா அவர்கள் நேரில் வந்து உடையைப் பார்த்து, இறக்கையை நீக்கி, மூக்கை மேலே வைத்து, உள்ளிருந்தே திறக்கும்படி ஜிப்பை மாற்ற உத்தரவிட வேண்டும். அதுவரை காட்சியை நிறுத்த வேண்டும். எல்லாம் முடியாது என்றால் ஜிப் மட்டுமாவது.

என் தங்கை தாங்கள் வருவீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. வர இயலாது என்றால் அதையாவது சனிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதி, முத்திரை வைத்து அனுப்பிவிடுங்கள். அண்ணன் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். யாரும் வரப்போவதில்லை என்று அரசாங்கமே சொன்னால், வீட்டில் நின்றாலும் நிற்பாள்.

நாள்: புதன்கிழமை
இடம்: குளத்தங்கரை, உடைமாற்றும் அறை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
டிராகனின் வால்