இவருக்கு விழுந்த மாலை

ஞாயிறு, 21.2.1971

இன்று என் கணவருக்கு மாலை போட்டார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மாமல்லபுரத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் விழாவுக்கு விடியற்காலையில் இருவரும் கிளம்பினோம். வாலாஜாபாத் தாண்டியதும் ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமை பாட்டுக்கு ஒதுங்கிக்கொண்டது. இவர்தான் வண்டியை மணலில் சாய்த்தார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவருக்கு இடது மணிக்கட்டில் சுளுக்கு, கிளட்ச் பிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் செவிலிமேட்டில் எனக்கு விளையாட்டாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பின்னால் ஏறிக்கொண்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால், “மெதுவா போம்மா” என்று ஒரே முனகல்.

பந்தல் கண்ணுக்குத் தெரிந்ததும் என் தோளைத் தட்டினார். “நிறுத்து. நீ பின்னாடி உக்காரு. எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே ஓட்டிப் போனார். சுளுக்கிய கையோடு அவ்வளவு தூரம் ஓட்டி வந்த வீரராம். கதையையும் இவரே சொன்னார். கைதட்டல், மாலை, போட்டோ.

விழா நடத்திய சங்கத்தின் தலைவர் என் பக்கம் திரும்பினார். “பின்னாடி உக்காந்து வர பயமா இல்லியாமா?”

“வழியெல்லாம் பயமே இல்லைங்க. கடைசி ஒரு பர்லாங்குதான் பயமா இருந்துது.”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது, பந்தல் மறைந்த இடத்தில் தானாகவே வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“மாலையைக் கழட்டிட்டு ஏறுங்க,” என்றேன்.

கழற்றினார்.