பாடகர் போன பிறகு

பானு,

இங்கே வளைகுடாவில், நம் ரோலா வீட்டில் ஏ.சி. சரியாகிவிட்டது. அங்கே உன் அம்மா வீட்டில் நீயும் குழந்தை ஷ்ருதியும் நலம்தானே?

நான் கேட்கும் அந்த இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டுக்கு, "இது எப்பத்தான் முடியும்?" என்பாயே. நேற்று அவர்களுடைய டிரம்மரின் பேட்டியைப் பார்த்தேன். முதல் ஆல்பம் முடிந்ததுமே பாடகர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாராம். வேறு ஆள் சேர்க்காமல், அவர் திரும்பி வருவார் என்று, பாட வேண்டிய இடத்திலெல்லாம் வாசித்துக்கொண்டே இருந்தார்களாம். அந்த நீள வாசிப்பைத்தான் மேதைமை என்று உன்னிடம் வாதாடியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் இந்த நாட்டுக்கு வெளியே இருந்தால் உங்கள் இருவரின் விசா செல்லாது என்று ஆபீஸில் சொன்னார்கள். நீங்கள் போய் இது ஐந்தாவது மாதம்.

கூப்பிட்டிருந்தால் அந்தப் பாடகர் வந்திருப்பாராம். ஒருவரும் கூப்பிடவில்லை.

இரண்டு டிக்கெட் போடட்டுமா?

ரோலாவிலிருந்து,
நான்