அறுபத்தைந்தாவது எழுத்து

நாள் 201 | 07:40
செவ்வாய்க் கோள், மேற்கு நிலையம். பதிபவர்: ஜெனோவா ரொட்ரிகோ, வலையமைப்புப் பொறியாளர். அடுத்த குழு வரும்வரை ஒற்றைக் காவலர்.

திரவ ஆக்சிஜன் தொட்டி 100 சதவீதம். நீர் 88. உள்வெப்பம் 21. எழுபது கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கு முகாமில் பாறை தோண்டும் மூவரும் நலம். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு பழைய ஆக்சிஜன் குழாய் கிடக்கிறது. வால்வு என் பக்கம். காவலரின் மின்கையொப்பம் இல்லாமல் பூமியில் இருப்பவர்கள்கூட அதைத் திறக்க முடியாது.

இன்றைய வேலை: புதிய ஈரப்பதமானியை இணைத்தல். பொழுது போகாமல் அதற்கு மிக நீளமான பெயர் ஒன்றைச் சூட்டினேன். உடனே முகவரி வழங்கி மென்பொருள் செத்து விழுந்து, தானே எழுந்தது. காரணம் பார்க்க வேண்டும்.

நாள் 203 | 16:15
காரணம் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

இதைக் கண்டெடுப்பவர் என் தொழிலில் இல்லாதவராக இருக்கலாம் என்பதால் எளிமையாக எழுதுகிறேன். இங்கே ஒவ்வொரு கருவியும் விழித்தவுடன் தன் பெயரைச் சொல்லி ஒரு முகவரி கேட்கும். முகவரி வழங்கி என்ற மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுக்கும். யார் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். வால்வு, மீட்டர், கதவு எல்லாம் அது சொன்னதை அப்படியே நம்பும்.

பெயருக்கு அறுபத்துநான்கு எழுத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அறுபத்தைந்தாவது எழுத்திலிருந்து வருவது கட்டளைகள் இருக்கும் இடத்தில் போய் விழுகிறது. அதை மேலதிகாரி உத்தரவு என்று எண்ணி மென்பொருள் நிறைவேற்றுகிறது. கடவுச்சொல் இல்லை, கையொப்பம் இல்லை. நீளமாகப் பெயர் சொல்லத் தெரிந்தால் போதும், நிலையம் உங்களுடையது.

முறைப்படி இதைப் பிழைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் எல்லாக் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் இந்த மென்பொருளை எழுதியவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, பூமியில் எங்கள் கட்டுப்பாட்டு அறையின் தலைவர். பதினொரு வருடம் பக்கத்து மேசை. எங்கள் அலுவலகத்தில் எழுத்தில் போடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதுதான் மரியாதை. சொல்லாமல் போட்டால் முதுகில் குத்தியதாகப் பேச்சு வரும். ஆகவே அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன், ஓட்டையை நிரூபிக்கும் சிறு நிரலோடு.

நாள் 204 | 09:05
பதில் வந்தது. அப்படியே பதிகிறேன்.

"ஏ ஜெனோவா, நீ சொன்னது நெசந்தான். என் கண்ணுல படலையே. பட்டியல்ல மட்டும் ஏத்திராத. தணிக்கைக்காரன் வந்தா மொத்தத்தையும் நிறுத்திப்புடுவான். நான் சரி பண்ணி அனுப்புதேன். நீ நிம்மதியா இரு."

நிம்மதியாக இருந்தேன். அதையும் பதிந்து வைக்கிறேன்.

நாள் 212 | 11:30
இரண்டு நாளில் புழுதிப் புயல் தொடங்கும் என்கிறது முன்னறிவிப்பு. நாற்பது நாள் நீடிக்கலாம். சூரியத் தகடுகள் மூடிக்கொண்டால் ஆக்சிஜன் தயாரிப்பு நிற்கும், ரோவரும் ஓடாது. கவலை இல்லை. என் தொட்டி நிரம்பியிருந்தால் நால்வர் நாற்பத்தைந்து நாள் மூச்சு விடலாம். நான் ஒருத்தி.

கிழக்கு முகாமைப் பற்றி விசாரித்தேன். அண்ணாச்சி: "அங்க எல்லாரும் சொகமா இருக்காங்க. நீ ஒன் சோலியப் பாரு."

திருத்தம் இன்னும் வரவில்லை. நினைவூட்டினால் நச்சரிப்பதாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

நாள் 214 | 06:50
புயல் வந்துவிட்டது. சன்னலில் செங்கல் நிறம். தயாரிப்பு நின்றது. கிழக்கு முகாமோடு ரேடியோவில் இரைச்சல் மட்டும். ஆக்சிஜன் மீட்டர் 100.

நாள் 223 | 13:20
மீட்டர் 95 காட்டுகிறது. சரியான கணக்கு, ஒருத்திக்கு ஒன்பது நாள்.

தொட்டி அறையில் வடிகட்டி மாற்றப் போனேன். ஊரில் கேஸ் சிலிண்டர் தீரப்போகிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அந்தக் கைப்பழக்கத்தில் ஸ்பானரால் தொட்டியைத் தட்டினேன். மேலே கணீரென்றது. மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். இடுப்புக்குக் கீழே வந்த பிறகுதான் சத்தம் கனத்தது.

மூன்று முறை தட்டினேன். தொட்டியில் நாற்பதுதான் இருக்கிறது.

நாள் 223 | 18:00
வால்வு திறந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. மீட்டர் பொய் சொல்கிறது. இரண்டுக்கும் 214-ஆம் நாள் புதிய முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தது என் முகவரி வழங்கி; கொடுக்கச் சொன்னது, பெயர் என்ற போர்வையில் பூமியிலிருந்து வந்த ஒரு நிரல்.

நிரலைப் பிரித்துப் பார்த்தேன். ஊடுருவியது எவனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். நடுவில் ஒரு குறிப்புரை இருந்தது: "அண்ணாச்சி, பயப்படாதிய. ஒரு காபி குடிச்சிட்டு மேல படிங்க."

நான் எழுதியது. என் நிரல். அதை அழிக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

நாள் 224 | 10:10
இனி இதைக் கணினியில் எழுதப்போவதில்லை. வடிகட்டி வந்த உறைகளின் பின்பக்கம் பேனாவால் எழுதுகிறேன். காகிதம் யாரிடமும் முகவரி கேட்காது. முந்தைய பதிவுகளையும் படி எடுத்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் ஒரே கேள்வி கேட்டேன்: ஏன்? நாற்பது நிமிடம் கழித்துப் பதில்.

"கிழக்க அவங்க தொட்டி 211-லயே விரிசல் விட்டுட்டு. மட்டமான தொட்டின்னு மேல இருக்கவங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒன்கிட்ட கையெழுத்து கேட்டா விசயம் பதிவுல ஏறிரும், விசாரணை வரும். அங்க மூணு பேரு, நீ ஒருத்தி. நான் என்ன செய்ய முடியும் சொல்லு. ஒனக்கு மீட்டர் கொறையாம காட்டுச்சின்னா நீ பயப்படாம இருப்பேன்னு நெனச்சேன். அதுவும் ஒனக்காகத்தான் செஞ்சேன்."

எனக்காகவாம்.

211-இல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புயலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ரோவரில் மூவரும் இங்கே வந்திருப்பார்கள். நிரம்பிய தொட்டி, நால்வர், நாற்பத்தைந்து நாள். இடித்துக்கொண்டு படுத்திருப்போம், எல்லோரும் பிழைத்திருப்போம். இப்போது அனுப்பிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு பழைய குழாயின் இணைப்புகள் வழியே வெளியே கசிந்து போய்விட்டது. நால்வருக்கு எப்படிப் பங்கிட்டாலும் போதாது.

கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். பதினொரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

நாள் 226 | 15:45
பழைய ரேடியோவில் கிழக்கு முகாம் கிடைத்தது. குழுத் தலைவர் செய்யது மீரான். நான் பேசியதும் அழுதுவிட்டார்.

"அக்கா, உங்க புண்ணியத்துலதான் மூச்சு விடுறோம். பூமி வழியா வந்த பதிவுல நீங்களே உங்க குரல்ல சொன்னீங்களே, எனக்கு நெறைய இருக்கு, எடுத்துக்கோங்கன்னு."

நான் அப்படிப் பேசவில்லை என்றேன். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, பூமியிலேருந்து உங்க நாட்குறிப்போட நகல் எங்களுக்கும் வரும். நேத்து ஒரு கட்டு வந்துச்சு. அதுல 231-ம் நாள் குறிப்பும் இருக்கு. இன்னிக்கு 226 தானே?"

படிக்கச் சொன்னேன். படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவரால் முடியவில்லை. நான் விடவில்லை, முழுக்கப் படிக்க வைத்தேன்.

நாள் 228 | 09:30
நிலையத்துக்கு வெளியே வால்வில் ஒரு கைச்சக்கரம் உண்டு. எந்த மென்பொருளும் தடுக்க முடியாது. மூடினால் நான் புயலைத் தாண்டிவிடுவேன். அவர்களுக்குப் பதின்மூன்று நாள் காற்று மிஞ்சும். மூடாவிட்டால் மூவரும் தாண்டுவார்கள்.

மூடிக்கொள்ளும்படி மீரானே சொன்னார். "நீங்க மூடிருங்க அக்கா, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்." முடிவை என்னிடமே விட்ட ஒரே மனிதர் அவர்தான்.

சக்கரத்தில் கை வைத்து ஒரு மணி நேரம் நின்றேன். புழுதி தலைக்கவசக் கண்ணாடியில் அப்பியது. திரும்பி வந்துவிட்டேன்.

நாள் 230
தொட்டியை எங்கே தட்டினாலும் கணீர். தலைவலி. எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உறைகளை இரும்புப் பெட்டியில் வைத்து வெளிவாசல் அருகே வைக்கிறேன். புயல் அடங்கியதும் மீரான் வந்து எடுப்பார். வலையமைப்பு வழியாக அனுப்பாதே, கையோடு கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது. இதே மென்பொருள் இன்னும் எத்தனை நிலையங்களில் ஓடுகிறதோ. பிழைப் பட்டியலில் ஏற்றுங்கள். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நேரே ஏற்றுங்கள்.

நாள் 231
அண்ணாச்சி என் பெயரில் முன்கூட்டியே எழுதி வைத்த நாள்.

அந்தக் குறிப்பில் நான் மனமுவந்து காற்றைக் கொடுத்தேனாம். அது இப்போது உண்மை. வால்வை நான்தான் மூடவில்லை. அவருடைய பொய்யை என் கையாலேயே மெய்யாக்கிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. மூன்று பேர்

அமைதியாக இருக்கிறேனாம். இல்லை. கோபமாக இருக்கிறேன்.

கடைசி வரி. மீரான் படிக்க முடியாமல் நிறுத்திய வரி. என்னை மகள்போல் பார்த்துக்கொண்ட இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு நன்றி என்று.

இதை எடுப்பவருக்கு. மற்றதை எல்லாம் அவர்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளட்டும். அந்த வரி மட்டும் என்னுடையதல்ல. நான் நன்றி சொல்லவில்லை